எண்ணிக்கை

வால்பராய்சோவில் நள்ளிரவு.
"எத்தனை மாத்திரை?" என்கிறார்
தொலைபேசியில் கால்நடை மருத்துவர்.
பால் வேண்டாம். உப்புநீர் வேண்டாம்.
தொண்டையில் விரல் விடாதீர்கள்.
அட்டையோடு உடனே வாருங்கள்.

அட்டையில் கணக்குச் சரி.
பதினான்கு குழி, பதினான்கும் காலி,
எவாரிஸ்தோ தினமும்
என் கண்ணெதிரே வாயில் போட்டவை.

அப்படியானால் செனிசா எதைத் தின்றது?

சோபாவை நகர்த்தினேன்.
தூசியில் ஒன்பது வெள்ளை வட்டங்கள்,
ஒன்றில் பல் தடம்.
அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்,
வெகுநேரம், குனிந்தபடியே.

டாக்சி மலையிறங்குகிறது.
துண்டில் சுற்றிய பூனை என் மடியில்,
வாயோரம் நுரை.
"தலை சுத்துது, அதான்" என்கிறார்
துறைமுக விளக்குகளிடம்.

ஒன்பது போக ஐந்து.
ஐந்தில் பூனைக்கு எத்தனை,
அவர் இதயத்துக்கு எத்தனை?

வாசலிலேயே மறுபடி அதே கேள்வி.
நான் அவரைப் பார்க்கிறேன்.

விரல்களை மடக்கத் தொடங்குகிறார்.