பதில் வராத நாற்பது லிட்டர்

பத்து.
பிஷ்கெக்கில், மூன்றாம் மாடியில், அதிவேக இணைப்பில்
தேநீர் ஆறுவதற்குள் போட்ட எண்.
பத்து நொடிக்குள் சர்வர் பேசாவிட்டால்
'தோல்வி. மீண்டும் அனுப்பவும்.'
சிவப்பு எழுத்து, முனை மழுங்கிய பெட்டி.
அந்த முனையை மழுக்கத்தான் அரைநாள் யோசித்தேன்.

ஜூலையில் கணக்கர் எர்மெக் கூப்பிட்டார்:
"தோக்தோபூபூ திருடுகிறாள்.
பாலை அல்ல, கணக்கை.
நாற்பது லிட்டர் நூற்றிருபதாகியிருக்கிறது."

லாகைத் திறந்தேன்.
காலை 6:14:05
6:14:16
6:14:28
ஒரே மந்தை, ஒரே கொழுப்பு, மூன்று புள்ளி ஒன்பது.
மூன்றும் வந்து சேர்ந்திருந்தன.
மூன்றுக்கும் நாங்கள் 'ஆம்' சொல்லியிருந்தோம்,
பதினோராம் நொடியில், பன்னிரண்டில்,
கேட்க ஆளில்லாத ஆம்.

கிணற்றில் போட்ட கல் என்றிருந்தேன்.
கல் இல்லை.
அடியில் ஒருவன் ஏந்திப் பிடித்து
பிடித்துவிட்டேன் என்று கூவியிருக்கிறான்.
கூவல் விளிம்பைத் தொடுமுன்
மேலே நின்றவள் அடுத்ததைப் போட்டுவிட்டாள்.
போடச் சொன்னது நான்.

ரொட்டித் துண்டு போன்ற அந்தச் சாம்பல் வேனில் மலையேறினேன்.
வளைவுக்கு வளைவு சிக்னல்
இரண்டு கோடு, ஒன்று, ஒன்றுமில்லை,
திடுமென நான்கு, வெறும் பாறைக்கு நடுவில்.
தோக்தோபூபூ என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
துணியில் பால் இறங்கியது. மீட்டரைத் தோய்த்தாள்.
ஈர விரலை முழங்கையில் துடைத்து எண்ணைத் தட்டினாள்.
போனை வானத்துக்குக் காட்டி நின்றாள்,
பின்னால் ஒரு குதிரை தும்மியது.
"மீண்டும் என்றது. மீண்டும் அனுப்பினேன்.
இதுகூடத் தப்பா?"

அன்றிரவு யுர்த்தில்
சாணி எரியும் அடுப்பருகே மடிக்கணினி, பேட்டரி பதினெட்டு சதவீதம்.
இணைப்புக்கு எட்டு நொடி:
கோபுரமே இல்லையென்றால் சீக்கிரம் சொல்லித் தொலைக்கட்டும்.
பதிலுக்கு நாற்பத்தைந்து:
ஒரு கேன் வடியும் நேரம், நானே நின்று அளந்தது.
பூஜ்யம் போட்டால் முடிவின்றிக் காத்திருக்கும்.
போட்டேன், இலவு காத்த கிளி என்று அழித்தேன்.
ஒவ்வொரு கேனுக்கும் போனிலேயே பிறக்கும் ஓர் அடையாளம்;
ஏழுமுறை அனுப்பினாலும்
அதே கேன், அதே நாற்பது.

பிறகு அந்தச் சொல்.
எனக்குத் தெரியவில்லை என்பதை
நீ தோற்றாய் என்று எழுதி வைத்திருக்கிறேன்,
இரண்டு வருடமாக, சிவப்பில்.
கிர்கிஸில் நான்கு முறை எழுதி அடித்து, ருஷ்யனில் ஒருமுறை,
கடைசியில் இப்படி:
'அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.
நீங்கள் அடுத்த கேனை ஊற்றலாம்.'
பெட்டிக்குள் அடங்கவில்லை.
பெட்டியைப் பெரிதாக்கினேன்.

ஆகஸ்ட் கணக்கு சரியாயிருப்பதாக எர்மெக் எழுதினார்.
ஜூலையில் அவள் கூலியில் பிடித்ததைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன்,
மூன்றிலும் ஒரே தொகை, ஒரே பெயர்.
இதற்கு நான் நொடிக்கணக்கு வைக்கப்போவதில்லை.
நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.