மதிப்பு: ஒன்பதாயிரம் ஆண்டு

நேற்று எங்கள் தபால் நிலையத்துக்குப் பெயர் வைத்தார்கள்.
எண்பத்தொரு வருடமாக அது வெறும் தபால் நிலையம்.
லார்ச் முனை, மினசோட்டா என்று எழுதினால் போதும்,
கடிதம் வந்து சேரும்.

இனி அது
லெம்பி காங்கஸ்னியெமி தபால் நிலையம்.
வாயில் நுழையாத பெயர்.
வாசலுக்கு மேலும் நுழையவில்லை:
வெண்கல எழுத்துகளைப் பொருத்திக்கொண்டு வந்தவன்
கடைசி இரண்டுக்கு இடம் போதாமல்
ஏணியிலேயே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.
பிறகு எல்லாவற்றையும் கழற்றி
நெருக்கி அடித்தான்.

நாற்பது நாற்காலி, பதினேழு பேர்.
வாஷிங்டனிலிருந்து வந்த உறுப்பினர்
அவள் பெயரை மூன்று முறை சொன்னார்,
மூன்று விதமாக.
ஆலைக்காரக் குடும்பங்களில் ஒருவரும் வரவில்லை.
எங்கள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டவள்
என்பதுதான் அவர்கள் வீட்டில்
அவளுக்கு வைத்திருக்கும் பெயர்.

அவள் மண் அள்ளியது ஏரியிலிருந்து.
மார்ச் மாதத்தில் பனிப்பாளத்தைத் துளைத்து
நீண்ட குழாயை இறக்கி
அடிச்சேற்றை அப்படியே உருவி எடுப்பாள்.
ஒரு விரற்கடைச் சேற்றில் இருபது கோடை, இருபது குளிர்.
பைன் மகரந்தம். யாரும் பார்த்திராத காட்டுத்தீயின் கரி.
ஆக மேலே, நம் காலத்தில்,
ஆலை கொட்டிய சாம்பல் நிறத் தூள்.
குழாய்த் தண்ணீரிலும் அதே தூள் என்று
எண்ணிச் சொன்னாள்.
அதற்கு முன்
ஏரி கணக்கு எழுதி வைக்கும் என்று
யார் நினைத்தார்கள்?

இரண்டாம் ஜன்னலில் நான் இருந்தேன்.
என் தம்பி ஆலையில், இரவு ஷிப்ட்.

ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்து அடுக்குவாள்.
படிவத்தில் பொருள்: சேறு.
மதிப்பு: ஒன்பதாயிரம் ஆண்டு.
டாலரில் எழுதுங்கள் என்றேன்.
தெரியாது என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே
தெரியாதவளாகப் பார்த்தாள்.
நான் அதன் மேல் கோடு கிழித்து
'மதிப்பில்லை' என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
இங்க் நன்றாகப் பிடித்தது.

அவற்றில் ஒன்று கசிந்தது.
குழாயின் ஆக அடியில் இருந்த சேறு,
கசிந்த பார்சல் போகக் கூடாது, விதி.
விதியைத்தான் செய்தேன் என்று
முப்பத்தாறு வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.
பின்னறைத் தொட்டியில் கவிழ்த்து வெந்நீரைத் திறந்துவிட்டேன்.
காபி ஆறுவதற்குள்
ஒன்பதாயிரம் ஆண்டு போய்விட்டது.

வந்து கேட்டாள். சொன்னேன்.
கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.
அந்த வாரமே
ஏரி நடுவில் அவளுடைய ஆரஞ்சு நிறக் கூடாரம்
மறுபடி நின்றது.

நேற்று கேட்டார்கள்,
அவரை நேரில் அறிந்தவர் யாராவது
இரண்டு வார்த்தை பேசலாமே என்று.
டுலூத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் மகள்
திரும்பிப் பார்த்தாள்.
நான் தொப்பியைச் சரிசெய்தேன்.
கேக் வெட்டினார்கள். மேயர் எனக்கு ஓரத்துண்டைக் கொடுத்தார்,
எழுத்தில் பாதி ஒட்டிக்கொண்டு.

அந்த ஜாடி என்னிடம்தான் இருக்கிறது.
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன்,
ஓய்வு பெற்றபோது மேஜைச் சாமான்களோடு
வீட்டுக்கு வந்துவிட்டது.
நேற்றிரவு கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.
கண்ணாடி வளையும் அடிமடிப்பில்
பழுப்பாக ஒரு வளையம்.
எத்தனை முறை கழுவியிருப்பேன்.
நகத்தின் தடிமன்கூட இல்லை.
அவள் கணக்கில் ஒரு கோடை.
மேகமூட்டமான கோடையாக இருந்தாலும் கோடைதானே.

பல்கலைக்கழகக் குளிர்க்கிடங்கில்
அவளுடைய குழாய்கள் இன்னும் இருக்கின்றனவாம்,
நம்பர் போட்டு.
காலையில் பெட்டி கட்டி
அவள் பெயருக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.
குனியத் தேவையில்லை, உயரமான வாசல்தான்.

பொருள்: சேறு.
அடுத்த கட்டத்தில் பேனா எழுதவில்லை.
இரவெல்லாம் காரிலேயே கிடந்த பேனா,
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளங்கைக்குள் பொத்தி
ஊதிக்கொண்டு நிற்கிறேன்.
எனக்குப் பின்னால் வரிசை நீள்கிறது.