பதினைந்துக்குப் பதினாறு

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
கோழிக் கடைக்கு மேல் மாடியில் என் அறை.
பழைய டேப்போடு படியேறி வருகிறவர்கள்
பூஞ்சை வாசனையோடு வருவார்கள்,
மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

செல்வராணி கோவெண்டர் மன்னிப்புக் கேட்கவில்லை.
"போன கடைக்காரன் என்னைப் பூசணிக்காய் ஆக்கிவிட்டான்"
என்று ஒரு டிவிடியை மேசையில் எறிந்தாள்.
போட்டுப் பார்த்தேன்.
நாலுக்கு மூன்றாய் எடுத்த கல்யாணத்தைப்
பதினாறுக்கு ஒன்பதில் இழுத்துக் கட்டியிருந்தான்.
மாப்பிள்ளைக்குக் கழுத்தே இல்லை.
நாதஸ்வரம் உலக்கையாகிவிட்டது.

முதலில் வட்டத்தைத் தேடுவது என் வழக்கம்.
அன்றைக்கு யார் ஒல்லி, யார் குண்டு,
எனக்கு எப்படித் தெரியும்?
பதினேழாம் நிமிஷத்தில் பூச்சரம் சுற்றிய டொயோட்டா
பக்கவாட்டில் வந்து நின்றது.
திரைமேல் ஸ்கேலை வைத்துச் சக்கரத்தை அளந்தேன்.

டேப்பிலிருந்து இறக்கிய படம்
குறுக்கே எழுநூற்று இருபது புள்ளி,
நெடுக்கே ஐந்நூற்று எழுபத்தாறு.
வகுத்துப் பாருங்கள், ஐந்துக்கு நான்குதான் வரும்.
மிச்ச அகலம் புள்ளிக்குள்ளேயே இருக்கிறது.
சதுரமில்லை அது. உயரம் பதினைந்தென்றால் அகலம் பதினாறு,
சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி.
அதைச் சதுரமென்று நம்புகிற கணினியில்
எல்லோரும் விரதமிருந்து மெலிந்தவர்கள்.

ஓர் எண்ணை மாற்றினேன்.
சக்கரம் உருண்டது.
மாப்பிள்ளைக்குக் கழுத்து வந்தது.

"ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பு?
முழு டிவிக்கும்தானே காசு கொடுத்தேன்?"
நிரப்பலாம் அம்மா, மேலும் கீழும் வெட்டினால் நிரம்பும்.
உங்கள் கொண்டைப் பூ போகும், அவர் கால் போகும்.
கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தாள்.
"கறுப்பே இருக்கட்டும்."

பிறகு ஓரம்.
பழைய பெட்டி டிவிகள் படத்தின் நாலு விளிம்பையும்
சட்டத்துக்குப் பின்னால் விழுங்கிவிடும்.
யாரும் பார்த்ததில்லை என்பதால்
நாங்களும் வெட்டி எறிவோம்,
மீன் செதிளைப்போல, கேட்காமல்.
வெட்டப்போன என் கையைப் பிடித்தாள்.

தாலி கட்டும் நேரம். இடது கோடியில் மண்டபக் கதவு.
கோடுகள் நடுங்குகிற அந்த விளிம்பில் பாதி ஆள்:
ஒரு தோள், பழுப்புக் கோட்டு,
வாசலுக்கு உள்ளே வைத்த ஒற்றை ஷூ.
நாலு வினாடி.

"தயாளன்" என்றாள்.
"அண்ணன் வரவே இல்லைன்னுதான்
இருபத்தெட்டு வருஷமா...
அவன் பொண்ணு கல்யாணத்துக்கு நானும் போகலை.
பீனிக்ஸ்லதான் இருக்கான். அரை மணி நேரம்."

அப்புறம் கேட்டாள்,
"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுக்க முடியுமா?
முகம் தெரியணும்."

இழுக்கலாம். தோள் அகலமாகும், அவ்வளவுதான்.
அது முதல் வரிசைப் புள்ளி அம்மா.
அதற்கு அந்தப் பக்கம் கேமரா பார்க்கவில்லை.

நூற்றெண்பது ராண்ட் எண்ணி வைத்தாள்.
என் பேனாவை வாங்கி, என் ரசீதிலேயே
'ஓரத்தை வெட்டக்கூடாது' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டாள்.

பாதிப் படியில் நின்று யாருக்கோ போன் போட்டாள்.
எடுத்தார்களா, தெரியாது.
கீழே கோழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.