காலி வண்டி எடை

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
இருநூறு அடியில் எங்கள் எடைமேடை.
லாரி ஏறும்.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கும்.
"டிரைவர் உள்ளேயா, இறங்கியாச்சா?"
பதினாறு வருஷமாய் என் முதல் கேள்வி.
தக்காளியோ சிமெண்டோ செங்கல்லோ
பத்துக் கிலோவுக்குள் நடப்பது எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.
கிராம் கணக்கில் தெரியும்.

குளியலறை வாசலில் ஒரு கண்ணாடித் தராசு.
பல் துலக்கும் முன், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு
மூச்சை வெளியே விட்டு ஏறுவேன்.
எண்பத்தாறு நானூறு.
அன்றைக்குப் பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பேசுவேன் என்பதை
அந்த நானூறு முடிவு செய்யும்.

முட்டைக்கோஸ் சூப்பு ஏழு நாள்.
கொள்ளு ரசம் ஒரு மண்டலம்.
அரிசியே தொடாமல் ஒரு தை, ஒரு மாசி.
பங்குனியில் கொழுந்தன் கல்யாணத்தில்
அறுபத்தெட்டாய் நின்றேன்.
எல்லாரும் கேட்டார்கள், எப்படி, எப்படி என்று.
சொன்னேன், பந்தியில் உட்காராமல்.
ஆடிக்குள் எழுபத்தொன்பது.
ஐப்பசியில் லட்டு டப்பா,
இரவு பதினொன்றரை, விளக்குப் போடாமல்,
மூடி சத்தம் கேட்காமல்.
கார்த்திகையில் தொண்ணூற்றொன்று.
அப்போது யாரும் எப்படி என்று கேட்கவில்லை.

என் ரவிக்கைகளை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.
பக்கத்துக்கு நாலு தையல் கோடு.
பிரித்தது, பிடித்தது, மறுபடி பிரித்தது.
"இனி தாங்காது கனகமணி" என்றாள் ஷைலஜா,
வாயில் கடித்த ஊசியை எடுக்காமலே.
துணியைத்தான் சொன்னாள்.

மேடைக்கு முத்திரை வைக்க ஆள் வந்த நாள்.
இருபது கிலோ இரும்புக் கட்டிகளை
தூக்கித் தூக்கி அடுக்கினார்கள் நாலு பேர்.
ஒரு மணிக்கு அப்படியே விட்டுவிட்டு
புளியமர நிழலில் தூக்கைத் திறந்தார்கள்.
மட்டை அரிசிச் சோறு, மத்திக் குழம்பு, பயறு.
என் டப்பாவில் வெள்ளரிக்காய்.
அவர்களில் ஒல்லியாய் இருந்தவன்
பாதிக்கு மேல் சாப்பிட்டு
"போதும்" என்று மூடினான்.
ஃபேனை நிறுத்துகிற மாதிரி
முகத்தில் ஒன்றுமில்லாமல்.

அன்று மதியம் முழுக்க அதே யோசனை.
சோற்றைப் பார்த்து இத்தனை வருஷம்
கூடாது, கூடாது என்றிருக்கிறேன்.
கூடாது உடைந்த இரவுகளில்
டப்பாவின் அடி தெரியும் வரை போயிருக்கிறேன்.
போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
அதற்கு முதலில்
உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போல.

உட்கார்ந்தேன். சபதமெல்லாம் இல்லை.
ஒரு மணி என்றால் ஒரு மணி.
வரிசையில் எட்டு வண்டி நின்றாலும்.
"அஞ்சு நிமிஷம் சேச்சி" என்று கெஞ்சினாலும்.
இரண்டு கரண்டி சோறு, மோர்க்குழம்பு,
வேலியில் பறித்த முருங்கைக்கீரை.
சனிக்கிழமை சைதலவி கடையில் ஒரு பழம்பொரி,
கவுண்டரில் நின்றல்ல, பெஞ்சில்,
சுடச்சுட, யாரும் பார்த்தாலும்.

ஓணத்துக்குப் பாயசம் மூன்று தம்ளர் குடித்தேன்.
பழைய கனகமணி
மறுநாளைப் பட்டினி போட்டிருப்பாள்.
மறுநாளும் ஒரு மணிக்குச் சோறுதான்.
கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

கண்ணாடித் தராசின் பேட்டரி எப்போது தீர்ந்ததோ.
புது ரவிக்கை தைத்திருக்கிறாள் ஷைலஜா.
ஒரே கோடு.
"உள்ளே துணி விடட்டுமா?" என்று கேட்டாள்.
கொஞ்சம் விடச் சொன்னேன்.

நேற்று ராத்திரி வண்டியே இல்லை.
பாலக்காட்டுக் காற்று மட்டும்
மேடையைக் குறுக்கே கடந்தபடி.
செருப்போடு, வளையலோடு
நடுவில் போய் நின்று
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன்.
எண்பது.
எழுபத்தாறாக இருக்கலாம், எண்பத்துநாலாக இருக்கலாம்.
அதற்கு மேல் சொல்ல
அதற்கு வழியில்லை.

தக்காளி வண்டி ஒன்று ஹாரன் அடித்தது.
இறங்கினேன்.