கடைசி வரிசை

கண்டியில் மூன்று இரவும் ஒரே பாலே.
மூன்றுக்கும் டிக்கட் எடுத்துவிட்டேன்.
"ஒரே கதைதானே, பிறகேன்?" என்றான்
பாமசியில் கூட நிற்கும் அன்ரன்.

இரண்டாம் இரவு
கொக்காக ஆடும் இமாஷி
ஒரு திருப்பத்தில் ஒரு மூச்சுப் பிந்தினாள்.
யாரும் காணவில்லை.
நாவலப்பிட்டிக் கடைசி பஸ்ஸும் போய்விட,
ஸ்டாண்டில் குந்தியிருந்து விடியும்வரை
அந்த ஒரு மூச்சையே
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூன்றாம் இரவு
திரைக்கு முன்னால் வந்து ஏதோ அறிவித்தார்கள்.
கொக்காக வேறொருத்தி.
நன்றாகத்தான் ஆடினாள், பாவம்.
எழும்பிப் போவோமென்று பார்த்தால்
இரண்டு கதிரை தள்ளி, சால்வைக்குள்
இமாஷி.
கணுக்காலில் பெரிய கட்டு.

அதற்குப் பிறகு நான் மேடையைப் பார்க்கவில்லை.
செருப்பில்லாத அந்தக் காலில்
பெருவிரல் மட்டும்
எல்லாப் பாய்ச்சலும் பாய்ந்தது.
அந்தத் திருப்பம் வந்தது.
பிந்தவில்லை.

வாசலில் அவளுக்கு வழிவிட்டேன்.
மூன்று வருஷமாய் மனசில் எழுதி வைத்த
ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.
"ஐஸ் வைங்க, வீக்கம் வத்தும்.
இரவைக்குத் தலையணையில் காலைத் தூக்கி வைங்க"
என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.