குடிவருகிறவர்கள்

கம்பம்மெட்டு இறக்கத்தில்
ஏழாவது வளைவில் பனிக்குடம் உடைந்தது.
ஜீப்பில் பதினாலு பேர்.
ஏலக்காய் மூட்டைமேல் என்னைச் சாய்த்தார்கள்.
அடிவாரச் செக்போஸ்ட்டில் வழக்கம்போல
மூட்டையைத்தான் குத்திப் பார்த்தார்கள்.

இருபத்தெட்டு வாரம்.
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
தேனியில் அறுத்துத்தான் எடுத்தார்கள்.
வாசல் வழியாக வந்திருந்தால்
ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருக்குமாம்
கண்ணுக்குத் தெரியாத நல்லதுகள்.
கூரையைப் பிரித்து இறக்கிய பிள்ளைக்குத்
துணைக்கு வந்தவர்கள் குறைவு.
மூன்றாம் நாள் ஊசிக்கு
அவர்களிலும் பாதி செத்திருப்பார்கள்.

மூக்கில் குழாய்.
அதன் மறுமுனை தண்ணீர்ப் புட்டிக்குள் கொப்புளிக்கிறது.
சோறு பொங்குகிறதென்று
முதல் ராத்திரி திடுக்கிட்டு எழுந்தேன், அடுப்பை அணைக்க.
இப்போது
அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

முழங்கைவரை ஆறு தரம் கழுவவைக்கிற
அதே ஷைனி சிஸ்டர்
(கட்டப்பனைக்காரி, நான் காய் பறித்த மலைக்கு அந்தப் பக்கம்)
பிள்ளையை வெறும் மார்பில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.
"கை கழுகணும். நெஞ்சு கழுகண்டா."

இந்த நெஞ்சில் என்ன இருக்கிறது, சிஸ்டர்?
மருந்தடித்த ஏலக்காட்டு ஈரம்.
அட்டை குடித்த தழும்பு.
ஜீப்பில் இடித்துக்கொண்டு வந்த
பதின்மூன்று பேரின் வியர்வை.
எது அவளுக்கு நல்லது, எது விஷம்,
முறத்தில் போட்டுப் புடைத்துக் கொடுக்க
எனக்குத் தெரியாதே.

பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
குடலில் யார் குடியேறுகிறார்கள் என்பதற்கும்
நெஞ்சு எப்படி விரிகிறது என்பதற்கும்
ஏதோ சம்பந்தம் இருக்கிறதாம்.
ஏதோ, என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

சீம்பால் மூன்று சொட்டு.
பஞ்சில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவுகிறோம்.
விழுங்க அல்ல,
வாய் அறிந்துகொள்ள.

இன்னும் பெயர் வைக்கவில்லை.
கால்பட்டையில் 'பேபி ஆஃப் போதுமணி'.
எங்கள் வீட்டில் ஐந்தாவது பெண் நான்,
போதும் என்று வைத்த பெயர்.
அதை இவள் காலில் பார்க்கும்போதெல்லாம்
ஒற்றை விரலால் மூடிக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நாள்
குழாயை ஒரு மணி நேரம் கழற்றிப் பார்த்தார்கள்.
புட்டி அடங்கியது.
என் மார்க்குழியில்
வெற்றிலைக் காம்பளவு சூடு.
மூச்சு வாங்கினாள்.
விட்டாள்.
வாங்கினாள்.
மறந்துபோனாள்.

உள்ளங்காலைச் சுண்டினேன்.

வாங்கினாள்.