பத்து வீதம்

காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்த முகவர் நிலையம்.
கொலம்பியா வீதி, நியூ வெஸ்ட்மின்ஸ்டர்.
இரண்டு பேர், ஒரு கேத்தல்,
மழை ஒழுகும் மூலையில் ஒரு வாளி.

பெரிய நிலையங்கள் பதில் போடவில்லை.
இல்லை, ஒன்று போட்டது.
"அன்புள்ள" என்று தொடங்கி
என் பெயர் வரவேண்டிய இடத்தில்
வேறொருத்தனின் பெயர்.
அவனுக்கும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள்.

நான் இரவில் கூம்புகளுக்குக் காவல்.
படப்பிடிப்பு லொறிகள் விடிய வந்து நிற்பதற்காக
வன்கூவர் வீதியோரங்களில் அடுக்கிய செம்மஞ்சள் கூம்புகள்.
ஒருவரும் தூக்கிப்போகாமல்,
ஒருவரும் கார் விடாமல்
பத்து மணித்தியாலம் பார்த்திருக்க வேண்டும்.
"அக்கா சினிமாவில வேலை" என்று
சர்ரேயில் தங்கச்சி சொல்லித் திரிகிறாள்.
ஓம், சினிமாதான்.
காரின் உள்விளக்கில் நூற்றெட்டுப் பக்கம் எழுதினேன்.
பட்டரி இரண்டு தரம் செத்தது.

விண்ணப்ப விதி: கதையை ஒரு வசனத்தில் சொல்லவும்.
ஆங்கிலத்தில்தான் கேட்டிருந்தார்கள்,
நான் தமிழில் தடக்கி விழுந்தேன்.
பள்ளிக்கூடத்தில் வசனம் என்றால்
எழுவாய், பயனிலை, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.
படத்தில் வசனம் என்றால்
வாய் மூடாமல் பேசுவது.
என்னிடம் நூற்றெட்டுப் பக்கம் வசனம் இருந்தது.
ஒரு வசனம் இருக்கவில்லை.

மூன்று இரவு, எழுதி, அழித்து, எழுதி:
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவள்
ஒருநாள் ஒரேயொரு சொல்லை
வேண்டுமென்றே பிழையாகப் பெயர்க்கிறாள்.
அனுப்பிவிட்டுக் கூம்புகளை எண்ணினேன். பத்தொன்பது.
திரும்ப எண்ணினேன். இருபது.

பதினொரு கிழமை கழித்துக் கூப்பிட்டார்கள்.
டோரீன் மக்கில்வ்ரே, கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி.
நவரூபி என்ற என் பெயரை
படியில் கால் வைப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாக ஏறினாள்.
மேசையில் என் கதை.
நாற்பதாம் பக்கத்தோடு மை தீர்ந்துவிட்டது என்றாள்,
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
முப்பத்தெட்டாம் பக்கத்தின் காது மடித்திருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒருவரும் பேசுவதில்லை.
அவள் பிழையைச் சொல்லி முடித்து
ஒரு குவளை தண்ணீர் குடிக்கிறாள், முழுவதும்.
நீதிபதி எழுதிக்கொள்கிறார்.
அவ்வளவுதான்.
"இதுவரை எல்லாரும் கூடப் பேசுகினம்" என்றாள் டோரீன்,
என் காதில் அப்படித்தான் விழுந்தது.
"இதில என்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு."

பிறகு கேட்டாள், என்ன சொல் அது?

நான் அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
கையை உயர்த்தினாள்.
"வேண்டாம். எனக்குச் சொன்னால் விற்றுவிடுவேன்."
வாளியில் ஒரு துளி விழுந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

ஒப்பந்தம் இரண்டரைப் பக்கம்.
வருவதில் பத்து வீதம் அவளுக்கு.
முதல் முப்பத்தேழு பக்கத்தில் பாதியை வெட்டவேண்டும்,
அது ஒப்பந்தத்தில் இல்லை, வாயால் சொன்னாள்.
ஸ்கைட்ரெயினில் கணக்குப் பார்த்தேன்.
எழுத்தால் இதுவரை எனக்கு வந்தது பூச்சியம்.
பூச்சியத்தில் பத்து வீதம் பூச்சியம்.
ஆனாலும் பாருங்கள்,
என் பூச்சியத்தில் பங்கு கேட்டு
ஒருத்தி கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.
நாற்பத்தொரு வயதுவரை
அதை முழுவதுமாக நானே வைத்திருந்தேன்.

அன்றிரவு மெயின் வீதியில் வேலை.
தூறல்.
ஒருத்தன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.
இவ்வளவு இடமும் ஆருக்கு?
"ஒராளுக்குப் பிடிச்சு வைச்சிருக்கு" என்றேன்.
ஆரென்று அவன் கேட்கவில்லை.
காற்றில் சரிந்த கூம்பொன்றை நிமிர்த்திவிட்டு
காருக்குள் போய்
பக்கம் ஒன்றிலிருந்து வெட்டத் தொடங்கினேன்.